வருணா ஏரி விராலும் சிவப்புப் புழுவும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து வருணா ஏரிக்குப் போய் வந்தேன். கொக்கும் நீர்க்காகமும் நிறையக் கூடும் இடம். பறவை பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளித் தோழி ரஞ்சிதத்தின் வீடு அந்தக் கரையில்தான். அன்று ஹனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அந்தப் பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அக்ரஹாரத்திலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ். ஏழு மைல், மூன்றணா. யுத்தத்தால் பெட்ரோல் இல்லை. கரி அடுப்பில் ஓடும் வண்டி. மேட்டில் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் எழுந்தேன். "நீங்க கூத்துக்கொள்ளி அக்கா, உங்க எடைக்கு வண்டி நிக்காது" என்று கன்னடம் கலந்து என்னை உட்காரச் சொன்னார் டிரைவர். வெள்ளைப் புடவை கட்டாதீர்கள்; கரி படியும்.

ரஞ்சிதத்தின் அப்பா கொள்ளேகாலத்திலிருந்து வந்து நிலம் வாங்கியவர். அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சு முறிந்தது. அவருக்குத் தன் ஏரி மீன்மேல் பெருமை. விருந்தாளிகள் கண்முன்னாலேயே முற்றத்தில் விராலை அறுக்கச் சொன்னார். வயிற்றைக் கீறியதும் சிவப்பு நூல்போல ஒன்று சுருண்டு நெளிந்தது. அடுத்த மீனிலும் இரண்டு.

மாப்பிள்ளையின் அத்தை முந்தானையை உதறி எழுந்தார். "நல்லா இருக்குதுங்க. பொண்ணு பாக்க வந்தா புழுவக் காட்டறீங்க."

ரஞ்சிதத்தின் அப்பா என் காதருகே வந்தார். "கண்ணு, நீ இதெல்லாம் படிச்சவ. நரம்புன்னு சொல்லிப்போடு."

அடுக்களைக் கதவருகே ரஞ்சிதம் நின்றிருந்தாள். பொய் சொன்னால் அத்தை நம்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நரம்பு நெளியாது.

"புழுதாங்க" என்றேன். "கொக்கு, நீர்க்காகத்து வயித்துல முட்டை போடற புழு. எச்சத்தோட தண்ணில விழுந்து மீனுக்கு வருது. பச்சையாத் தின்னாத்தான் ஆபத்து. வயித்துல இருக்கறத எடுத்துடலாம், சதைல இருக்கற மீன வீசிடலாம். மிச்சம் நல்லாக் கொதிச்சாப் போதும்."

"எங்கூரு ஏரில இதெல்லாம் இல்ல" என்றார் அத்தை.

"அங்க கொக்கு வருதுங்களா?"

"கொக்கு வராத ஏரி எங்க இருக்குது?"

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா நானு என்னத்தடா உனக்கு ஆக்கிப் போட்டேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தை" என்றான் அவன். முற்றமே சிரித்தது.

"உன்ற கையால பாத்து எடுத்துக் குடு அம்மிணி" என்று அத்தை என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்தார். நான் ஐந்து மீன்களைத் தேர்ந்து கொடுத்தேன், இரண்டைத் தள்ளினேன். குழம்பு கொதித்து அடங்கும்வரை அத்தை அங்கிருந்து நகரவில்லை. முதல் இலையில் உட்கார்ந்து கை நனைத்தவரும் அவரே.

ஏரிக்கரையில் மீன் வாங்கினால் அங்கேயே குடலை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் புழு சதைக்குள் போகும். நன்றாகக் கொதிக்கவையுங்கள். திரும்ப பஸ் மாலை ஐந்துக்கு. நான் அதைத் தவறவிட்டேன், ரஞ்சிதம் என் கையை விடவில்லை.