சுவரோரக் கட்டில்

பேரிங் தொழிற்சாலையில் இரும்புக் குண்டு சோதிக்கிற ஆளுக்குத் தத்துவம் எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்கு இந்தக் கேள்வி உண்டு. பகலெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மிளகளவு குண்டுகளைப் பார்த்துவிட்டு வருவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவார். எடை, அளவு, பளபளப்பு எல்லாம் ஒன்றாயிருக்கும் இரண்டு குண்டுகளை எது பிரிக்கிறது? இடம்தான். தட்டில் இது இந்தக் குழியில், அது அந்தக் குழியில். புள்ளிகளும் அப்படித்தான், இடத்தை எடுத்துவிட்டால் உலகத்தில் ஒரே புள்ளிதான் மிஞ்சும் என்பார். முதலில் இந்த மனுஷன் செருப்பை இடம் வலம் மாற்றாமல் போடட்டும் என்று அவள் துணி மடித்தபடி நினைத்துக்கொள்வாள்.

இரட்டைப் பெண்கள் பிறந்ததும் ஞானம் முற்றிவிட்டது. அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. பெரியவள் பேசுமுன் உதட்டைச் சுழிப்பாள், சின்னவளுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம். இவருக்கு அதெல்லாம் எதற்கு? ஜன்னலோரக் கட்டில் பெரியவள், சுவரோரக் கட்டில் சின்னவள். ஐந்து வருஷம் இப்படித்தான் பிள்ளை வளர்த்தார். அதை வெட்கமில்லாமல் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் சின்னவளுக்குக் காய்ச்சல். அன்று அவருக்கு விடுமுறை. மதியம் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். காற்று வேண்டுமென்று சின்னவள் ஜன்னலோரம் போய்ப் படுக்க, பெரியவள் சுவரோரம் வந்துவிட்டாள். ஞானி வந்தார். சுவரோரம் கிடந்த பிள்ளையின் வாயில் மருந்தை ஊற்றினார். இனிப்பாக இருந்ததால் அவளும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டாள்.

சாயங்காலம் தாய் திரும்பியபோது சின்னவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று மருத்துவர் திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகள் இடம் மாறியது தன் தப்பில்லை என்று அவர் விளக்க ஆரம்பித்தார்.

"நெத்திய ஒரு தடவ தொட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு உங்க நாற்காலியில வேற யாராவது வந்து உக்காந்தா, அவர அப்பான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?"

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. இரண்டு பெண்களும் ஒரே கட்டிலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வந்தார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவள் சொல்லவில்லை.