பூட்டி வைத்த சுத்தம்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் ராங்கி. பட்டம் கொடுத்தது வேறு யாருமல்ல, நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள், "ஆம்பளைங்க சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் நாம உக்காரலாம்" என்று நாத்தனார் சொன்னாள். "எனக்கு இப்பவே பசிக்குதே அண்ணி" என்று இவள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பிறகு போகவேயில்லை.

போகிறமாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை. துணிக்கடையில் வேலைக்குப் போனபோது நாள் முழுக்க நிற்கச் சொன்னார்கள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் முக்காலியும் அவளும் வீடு வந்து சேர்ந்தார்கள், வேலை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் அவளை லெட்டூஸ் கீரைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டாள். நாத்தனார் அங்கே சூப்பர்வைசர். ராங்கியின் புருஷன் அங்கேயே லாரி ஓட்டினான். அக்காவும் தம்பியும் சேர்ந்து, "வந்த இடத்துல வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள்.

முதல் நாள் பேக்கிங் கொட்டகையில் முதலாளியே பாடம் நடத்தினார். "இது வேக வைக்காம அப்படியே சாப்பிடுற எலை. அதனால கை சுத்தம், கத்தி சுத்தம், தண்ணி சுத்தம். இது கவர்மென்ட் சட்டம், எவளும் மீறக் கூடாது." மற்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ராங்கிக்கோ அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. யார் வீட்டுப் பிள்ளையோ இந்த இலையை எடுத்து அப்படியே வாயில் போடப்போகிறது. நடுவில் அடுப்பு கிடையாது, கொதி கிடையாது. அன்றிலிருந்து கத்தியைக் கழுவாமல் அவள் பாத்தியில் இறங்கியதில்லை, கீழே விழுந்த இலையைப் பொறுக்கிப் பெட்டியில் போடவிட்டதுமில்லை. முதலாளியின் பாடத்தை நம்பிய ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் அவள்தான் என்றால் பொய்யில்லை.

அப்படி நம்பியவளுக்குத்தான் அந்தக் கழிப்பறை கண்ணை உறுத்தியது. வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னதால் முதலாளி கட்டியது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, குழாய், சோப்பு என்று உள்ளே ஒரு குறையுமில்லை. வெளியே பூட்டு. சோதனைக்குக் கவர்மென்ட் ஆபீசர் வருகிற அன்று திறப்பார்கள், அவர் கார் திரும்பியதும் பூட்டிவிடுவார்கள். தினமும் திறந்தால் அழுக்காகிவிடுமாம், அழுக்கானால் சோதனையில் பெயர் கெட்டுவிடுமாம். சுத்தத்துக்காகக் கட்டியதைச் சுத்தம் கெடும் என்று பூட்டி வைக்கிற மூளையை எந்தக் கடையில் வாங்கினாரோ, தெரியவில்லை.

பெண்கள் கடைசிப் பாத்தி தாண்டி வாய்க்கால் ஓரப் புதருக்குத்தான் போனார்கள். கை கழுவியதும் அந்த வாய்க்காலில். அதே தண்ணீரை மோட்டார் இறைத்து இலை மேல் பீய்ச்சியது.

ராங்கி நாத்தனாரிடம் சாவி கேட்டாள்.

"மொதலாளி குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. வேலையைப் பாரு போ."

"உங்களுக்கு என்ன அண்ணி, சாவி இடுப்புல தொங்குது. நாங்கதான் புதருக்கு ஓடணும்."

நாத்தனார் சாவியை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். ராங்கி மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் ராங்கி புதர்ப் பக்கம் போனபோது, உள்ளேயிருந்து புடவையை உதறிக்கொண்டு நாத்தனார் வந்தாள். இருவரும் திகைத்து நின்றார்கள். நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி போகவேண்டிய உடம்பு. முட்டி வலி வேறு.

"சாவிய வச்சிக்கிட்டு நீங்க எதுக்கு அண்ணி இங்க வர்றீங்க?"

"சாயங்காலம் ஆனா மொதலாளி தொறந்து பாப்பாரு. தரையில ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் என்னைத்தான் கேப்பாரு." சொல்லும்போது அவள் ராங்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. "இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிடாதடி."

ராங்கிக்கு நாத்தனார் மேலிருந்த கோபமெல்லாம் அப்படியே முதலாளி பக்கம் திரும்பியது. அழுகையும் வந்தது.

சோதனைக்கு முந்திய மாலை முதலாளி எல்லோரையும் கூட்டினார். நாளை கழிப்பறை திறந்திருக்கும், ஆபீசர் போகும்வரை ஒருத்தரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, கேட்டால் தினமும் இதைத்தான் உபயோகிக்கிறோம் என்று சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்ததும் புருஷன் கெஞ்சினான்.

"நீ எதாவது பண்ணி வச்சேன்னா மூணு பேருக்கும் வேலை போயிடும். நாளைக்கு ஒருநாள் மட்டும் கம்முனு இருந்துடேன்."

"ஒருநாளும் தொறக்காதவருக்கு நான் எதுக்கு ஒருநாள் கம்முனு இருக்கணும்?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, பயமும் இருக்கத்தான் செய்தது. நாத்தனாருக்கு இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? படுத்தும் தூக்கம் வரவில்லை. ஆனால் புதருக்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற நாத்தனாரை நினைக்க நினைக்க, பயத்துக்கு மேல் ஆத்திரம் ஏறி உட்கார்ந்தது.

காலையில் கதவு திறந்திருந்தது. முதலாளியே குனிந்து டைல்ஸைத் துடைத்துவிட்டு, ஆபீசரை வரவேற்க வாசலுக்குப் போனார். ராங்கி பாத்தியிலிருந்து ஏறினாள். சேற்றுக் காலோடு நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புதுச் சோப்பை நுரை பொங்கத் தேய்த்துக் கைகழுவிவிட்டு வெளியே வந்தாள்.

"வாங்கடி, நமக்காகக் கட்டினதுதான். எத்தனை நாளைக்கு அடக்கிட்டு இருப்பீங்க?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசையே நின்றுவிட்டது. முதலாளி சத்தம் கேட்டுத் திரும்பி வந்தபோது வெள்ளைத் தரை இருந்த இடம் தெரியவில்லை.

"எவடி இதை நாசம் பண்ணினது?"

ராங்கி முன்னால் வந்தாள். "நாங்கதான் மொதலாளி. இனிமே தெனமும் அழுக்காக்குவோம், தெனமும் கழுவி விடுவோம். அழுக்கே ஆகாத பாத்ரூமைக் காட்டினா, போறவங்க எல்லாம் எங்க போறாங்கன்னு ஆபீசருக்குத் தெரியாதா? கேட்டார்னா வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். திங்கிறவன் பச்சையா திங்கிறான்னு நீங்கதான பாடம் எடுத்தீங்க?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. ராங்கியிடம் பேசாமல் நாத்தனாரைப் பார்த்துக் கத்தினார். "உன் தம்பி பொண்டாட்டிதான? இந்த நிமிஷமே கேட்டுக்கு வெளிய தள்ளு. இல்ல, நீயும் சேர்ந்து போ."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். லாரி மேலிருந்த புருஷன் இறங்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றான். ராங்கி எதற்கும் தயாராகக் கத்தியைக் கழுவிப் பெட்டி மேல் வைத்தாள்.

நாத்தனார் முதலாளியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க மொதலாளி. எனக்கு அவசரம்."

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஆபீசரின் கார் உள்ளே வந்து நின்றபோதும் அவள் வெளியே வரவில்லை.