சீர் அண்டாவில் ஒரு கோமாளி மீன்

முதலில் அதை உப்பு என்றுதான் நினைத்தேன். கடல்நீர்த் தொட்டி, உப்பு இருக்கத்தானே செய்யும்? பெரிய கோமாளி மீனின் வால் பக்கம் நாலைந்து வெள்ளைப் பொடி. தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. அதற்குள் மீன் பாறையில் போய் விலாவைத் தேய்த்துக்கொண்டது, முதுகு அரிப்பெடுத்தவன் தூணில் தேய்த்துக்கொள்வதைப் போல.

உங்கள் வீட்டு மீனும் இப்படித் தேய்த்துக்கொண்டிருக்க, இதைப் படிப்பவராக நீங்கள் இருந்தால், முதலில் உட்காருங்கள். நான் உட்காரவில்லை. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

இந்தத் தொட்டி வந்ததே என் ரத்த அழுத்தத்துக்காக. "மனசுக்கு அமைதியா எதையாவது பாருங்க" என்றார் டாக்டர். பார்க்க ஊரில் ஆயிரம் இருக்க, நான் காரைக்குடி வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து வைத்தேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. பெரியது பெண், சிறியது ஆண். பெரியது விரட்டும். சிறியது உடம்பை லேசாக நடுக்கிப் பணியும். இந்தக் குடும்பத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றும்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு மதுரைக் கடை ஒன்றில் நீல மீன் வாங்கினேன். "கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாக்கணுமோ?" என்று கேட்கவும் செய்தேன். "நம்ம கடை மீனு சார், நேரா விடுங்க" என்றார் கடைக்காரர். விட்டேன். முதலில் செத்தது அந்த நீல மீன்தான். போன் செய்தால், "உங்க தண்ணி சரியில்ல சார்" என்கிறார். சீக்கை விற்றவர் என் தண்ணீரைக் குறை சொல்கிறார்! இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் மேலும் கோபம். "செத்தாச் சொல்லுங்க, குழம்பு வச்சிருவோம்." ஆளுக்கு ஒரு தடவை, ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி. இந்தத் தெருவில் ஜோக் அடிக்கிறவன் நான். என் சோகத்தில் மற்றவர்கள் வந்து ஜோக் அடித்தால் எப்படிப் பொறுக்கும்?

நாலாம் நாள் புள்ளிகள் மறைந்தன. அல்வா வாங்கி வந்து வீட்டில் கொடுத்தேன். அல்வா தீர்ந்து சில நாளில் புள்ளிகள் திரும்பின. இந்த முறை இரண்டு மீன்களின் மேலும், சல்லடையில் மாவு சலித்ததுபோல.

மாட்டு டாக்டர் சொக்கலிங்கம் என்னோடு பள்ளியில் படித்தவன். படத்தை அனுப்பினேன். அவன் மீன்வளம் படித்த நண்பர் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். நோயின் பெயர் கிரிப்டோகாரியான் (கடல்மீனின் தோலையும் செவுளையும் துளைத்து உள்ளே வாழும் ஒட்டுண்ணி).

"புள்ளி போச்சுன்னா சீக்கு போச்சுன்னு அல்வா தின்னியாக்கும்? அது வயிறு ரொம்பிக் கீழ எறங்கியிருக்குடா. மணல்ல கூடு கட்டி, ஒண்ணு நூறா வெடிச்சு வரும்."

"மருந்து என்னடா?"

"செம்புதான். கொரியர்ல வர ரெண்டு மூணு நாளாகும். ஆனா..."

"ஆனா"வுக்கு மேல் நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன். செம்புக்குக் கொரியரா? காரைக்குடியிலா?

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரங்களைப் புழங்க மாட்டார்கள். அறையில் அடுக்கிப் பூட்டி வைப்பார்கள். என் மனைவி தேனம்மையின் சீரில் ஒரு செம்பு அண்டா உண்டு. அவள் தேவகோட்டை போயிருந்தாள். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அண்டாவை இறக்கி, தொட்டித் தண்ணீரை ஊற்றி, காற்றுக் குழாயைப் போட்டு, இரண்டு மீனையும் விட்டேன். மருந்துக்குள்ளேயே குடிவைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை.

சாயங்காலம் அவள் திரும்பினாள்.

"என்னங்க, இங்குட்டு வாங்க. எங்க அப்பச்சி குடுத்த அண்டாவுல என்ன நீந்துது?"

"வைத்தியம் நடக்குது, தேனு."

"பொங்கலுக்குக்கூட எடுக்காம வச்சிருக்கேன், அதுல மீனை விட்டிருக்கீக. நாளைக்கு நண்டு வாங்கிட்டு வந்தா பூசைச் சொம்புல விடுவீகளோ?"

பதிலுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவள் குனிந்து பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

"உப்புத் தண்ணிய ஈயம் பூசாத அண்டாவுல ஊத்துனீகளா? ஊறுகாயக்கூட இதுல வைக்க மாட்டோமே! பாருங்க, களிம்பு!"

விளிம்பைச் சுற்றிப் பச்சை. தண்ணீரிலும் பச்சைச் சாயல். பெரிய மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. தேனம்மை சேலையைச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, இரண்டையும் அள்ளி மாற்றினாள். பெரியது அதற்குள் சரிந்துவிட்டது. சீக்கு கொன்றதா, நான் கொன்றேனா? சொக்கலிங்கத்திடம் கேட்டேன். "அத விடு" என்றான். அந்தப் பதில் எனக்குப் புரிந்தது.

அவனுடைய "ஆனா" இதுதான்: செம்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து, தினமும் சோதித்து, பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோதான் விட வேண்டும். பெரிய தொட்டியில் விடவே கூடாது. அங்கே இருக்கும் இறாலும் பவளமும் செத்துவிடும். கொரியரில் மருந்தை வரவழைத்தோம். அளந்தோம், தேனம்மை அளந்தாள். சிறியது பிழைத்தது.

பெரிய தொட்டியை மீன் இல்லாமல் இரண்டரை மாதம் ஓட விட்டோம். உண்ண மீன் இல்லாமல் ஒட்டுண்ணி பட்டினியில் சாக வேண்டும். விளக்கு எரியும், தண்ணீர் சுழலும், உள்ளே மீன் ஒன்றும் நீந்தாது. நான் அதன் எதிரே நாற்காலி போட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒட்டுண்ணி சாவதைப் பார்க்க முடியாத கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எதுவும் மறைந்தால் போய்விட்டது என்று நம்ப முடிவதில்லை. போன வாரம் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, "பிரஷர் நார்மல்" என்றார். "எங்கயாவது கீழ எறங்கியிருக்கும், இன்னொரு தடவ பாருங்க" என்றேன்.

சிறிய மீனைத் தொட்டிக்குள் திரும்ப விட்ட அன்று சொக்கலிங்கம் சொன்னான்: "பொண்ணு போயிட்டா அந்த ஜாதியில ஆம்பளை பொண்ணா மாறிரும். கொஞ்சம் காலமாகும், பாத்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வளர்ந்திருக்கிறது. நடுங்குவதில்லை. நேற்று பாசி துடைக்கக் கையை விட்டேன், விரலை விரட்டி வந்து கடித்தது.

தேனம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவைப் பச்சை விளிம்போடு தொட்டிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருக்கிறாள். துலக்கவும் மாட்டாள், எடுத்து வைக்கவும் மாட்டாள்.

"இத்தனூண்டு மீனு, பட்டதுக்கு அப்புறம் ஆளே மாறிருச்சு" என்றாள். "நீங்க எப்ப மாறப் போறீக?"

நான் கையை வெளியே எடுத்து, உடம்பை லேசாக நடுக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விரல் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.