நடக்குமுன்னே நடந்தது

சிவகாசி அச்சகத்தில் இங்கிலீஷ் ப்ரூஃப் பார்ப்பதென்றால், நடக்காததை நடந்ததாக எழுதிக்கொண்டு வருகிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுவது. ப்ரூஃப் பார்த்துக் கண் கெட்ட சகபாவிகளே, உங்களுக்குப் புரியும். இது வெறும் இலக்கணச் சண்டை என்கிறார் எங்கள் முதலாளி. இல்லை. எங்கள் பைண்டிங்கில் இருக்கும் செல்வியின் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறார். அவர் உடம்பு முழுசாக வீடு திரும்புவதும் இந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

லோடு போயாச்சு

டைரி ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், சரக்கு எங்கே என்று மெயிலில் கேட்டார். முதலாளி பதில் எழுதி என்னிடம் நீட்டினார். 'வீ ஹேவ் சென்ட்.' அனுப்பிவிட்டோமாம். டைரிக்கு இன்னும் அட்டையே ஒட்டவில்லை. அடித்து, 'வில் சென்ட்' என்று போட்டேன். என் பேனாவையே வாங்கிப் பழையபடி திருத்தினார்.

"அவரு படிச்சு முடிக்கதுக்குள்ள ஏத்திருவோம் அண்ணாச்சி. நீங்க இங்கிலீஷ மட்டும் பாருங்க."

எழுந்து நின்று கைதட்டினார்கள்

பள்ளிக்கூட விழா வெள்ளிக்கிழமை. விழா அறிக்கையைத் தாளாளர் செவ்வாய்க்கிழமையே கொண்டுவந்துவிட்டார். சிறப்பு விருந்தினர் அருமையாகப் பேசினார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது, அதுதான் எரிச்சல். விழா முடியட்டும் என்றேன். விழாவிலேயே வந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டுமாம், அச்சடித்துக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் விருந்தினர் வரவேயில்லை. சனிக்கிழமை மறுபடி வந்த தாளாளரிடம், இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வராட்டி என்ன சார், வந்திருந்தா அப்படித்தான பேசியிருப்பாரு."

கழுவியாச்சு

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் தினசரிப் பாதுகாப்புப் படிவம் அடிக்க வந்தார். கலவை அறை கழுவப்பட்டிருக்கிறது, எர்த் கம்பி சோதிக்கப்பட்டிருக்கிறது என்று வரிசையாக இங்கிலீஷில். தரையில் சிந்திய மருந்தைக் கழுவாமல் விட்டால் ஒரு உரசல் போதும், அறையே வெடித்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு டிக். அந்த டிக்கையும் சேர்த்தே அச்சடிக்க வேண்டுமாம். சீசன் நேரத்தில் தினமும் யார் உட்கார்ந்து போடுவது என்று என்னையே கேட்டார். செல்வியின் வீட்டுக்காரர் மருந்து கலக்குவது அதே கம்பெனியில்தான்.

டிக்கையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கழுவிய நேரத்துக்கும் கழுவியவர் கையெழுத்துக்கும் இடம் போட்டேன். மேனேஜர் குதித்தார். ஆர்டர் போய்விடும் என்றார் முதலாளி. போகட்டும், டிக் இருந்தால் ப்ரூஃபில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். என் கையெழுத்து இல்லாமல் இங்கே எந்தத் தாளும் மெஷினேறாது. சத்தம் கேட்டுச் செல்வி வந்து, அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள்.

"கழுவியாச்சா? எப்ப சார்? நேத்துக்கூட அவுக கால் பூரா வெள்ளிமருந்தோடதான வீட்டுக்கு வந்தாக."

காலிக் கட்டத்தோடுதான் அந்தத் தாள் மெஷினேறியது. இங்கிலீஷில் இறந்தகாலம் எழுதுவது சுலபம், வேலை முடிகிறவரை பொறுத்திருக்கத்தான் இந்த ஊரில் யாருக்கும் வரவில்லை.