சிவகௌரி சொல்லாத ‘வேண்டாம்’

சிங்களம் சித்தியடைந்ததற்கு என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், பதவி உயர்வுக்காகக் கேள்வியையும் பதிலையும் பாடமாக்கி எழுதிப் பாஸ்பண்ணியது. உயர்வு வந்தது, சிங்களம் போனது. இன்றைக்கு ஒரு சிங்களக் கடிதத்தை நீட்டினால், மேலே இருக்கும் அரசாங்க முத்திரையைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று பிடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது சிவகௌரியின் கதை, அவளிடம் ஒரு சான்றிதழும் கிடையாது.

கோப்பாயில் என் வளவுக்கு அடுத்த வளவு அவளுடையது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. வெங்காயமும் பீற்றூட்டும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் நமசிவாயம் அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய பங்கையும் சேர்த்து இவள் கதைப்பாள்.

கொரோனாவுக்குச் சற்று முன்னர், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பசளைக் கடையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த நமசிவாயத்தை வாடகை வான் ஒன்று அடித்துப் போட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாள் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கச் சிவகௌரி தனியே போனாள். நான் போயிருக்க வேண்டும். மானிப்பாயில் ஒரு கலியாணம் என்று சாக்குச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரே கொன்ஸ்டபிள் அன்றைக்கு லீவு. மேசையில் இருந்த சார்ஜன்றுக்கு அரைகுறையாக நாலு தமிழ்ச் சொல் தெரியும், இவளுக்கு அரைகுறையாகக்கூடச் சிங்களம் தெரியாது. கையாலும் காலாலும் நடித்துக் காட்டி ஒருவாறு சம்பவத்தைச் சொல்லி முடித்தாள். கடைசியாக அவர் பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நடுவக் எப்பாத?”

இவள் காதில் விழுந்தது ‘நடு’வும் ‘எப்ப’வும். நடு றோட்டில் அடித்தது எப்ப என்று கேட்கிறார் என்று நினைத்தாள். “ஓம் சேர், ஓம். நடு றோட்டிலைதான். நேற்று” என்றாள். சார்ஜன்றுக்குத் தெரிந்த நாலு சொல்லில் ‘ஓம்’ ஒன்று. அவர் தலையை ஆட்டி எழுதினார். எழுதியதைச் சிங்களத்தில் வாசித்தும் காட்டினார். இவளும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு வரவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு நமசிவாயத்தின் தம்பி போய் விசாரித்தார். உங்கடை அண்ணி வழக்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டிருக்கிறா, முறைப்பாட்டுக் கோவையை மூடியாயிற்று என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும். வான்காரனிடம் எதையோ வாங்கிக்கொண்டு புருஷனின் காலை விற்றுப்போட்டாள் என்று ஊர் கதைத்தது. அந்தக் கதையைக் கேட்ட இடத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊர் கதைத்ததை அவள் தூசாகத் தட்டிவிட்டாள். ஒரு நாள் குசினியில் வைத்து நமசிவாயம் மெல்லக் கேட்டார்: “நீ ஏனப்பா வேண்டாமெண்டு சொன்னனீ?” அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“நான் சொல்லேல்லை” என்றாள்.

“அப்ப கையெழுத்து?”

சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். எப்படி அந்தச் சொல் தாளில் ஏறியது என்று தெரியாது.

பதில் சந்தையில் கிடைத்தது. தம்புள்ளையிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவரிடம் வெங்காயத்தைக் காட்டி வாங்கச் சொன்னாள். அந்த மனிதர் கையை விரித்து, “எப்பா, எப்பா” என்றார். “இப்பவே தாறன்” என்றாள் இவள். பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அக்கா, அவர் எப்ப எண்டு கேக்கேல்லை. எப்பா எண்டால் சிங்களத்திலை வேண்டாம்” என்றான் ஒருவன்.

“நடு எண்டால்?”

“வழக்கு.”

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். “சுவர்ணாக்கா, என்னட்டை வழக்கு வேண்டாமோ எண்டு கேட்டிருக்கினம். நான் ஓம் எண்டிருக்கிறன்” என்று சொன்னாள். அழவில்லை. கோபத்தில் அவள் முகம் கறுத்துப்போயிருந்தது.

அந்த வாக்குமூலத்தின் பிரதியை விண்ணப்பித்து எடுத்தாள். ஒரு தாள், இரண்டு பக்கம், முழுவதும் கையால் எழுதிய சிங்களம். கந்தோரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வாசிப்பித்துத் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் அக்கா. அண்டைக்கும் ஒருத்தர் வாசிச்சுத்தான் காட்டினவர், நான் தலையாட்டினனான். இனி நானே வாசிக்கிறன்.”

“உனக்கு ஐம்பது வயசு, கௌரி.”

“ஓம். அதுக்கு?”

யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்குச் சனிக்கிழமைகளில் சிங்கள வகுப்பு நடந்தது. படிப்பித்தது ஜெசிதா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண். சிங்களம் புழங்கும் நீர்கொழும்பில் பிறந்து வளர்ந்து மானிப்பாய்க்குக் கலியாணம் செய்து வந்தவள். எந்தத் திணைக்களம் என்று வாசலில் கேட்டிருக்கிறார்கள். “வெங்காயத் திணைக்களம்” என்று சொல்லிவிட்டுச் சிவகௌரி உள்ளே போய் முன்வாங்கில் இருந்தாள். பெயர் இடாப்பில் இல்லாதவர்கள் இருக்கக்கூடாதென்று அங்கே ஒருவர் சட்டம் கதைத்தார். “ஆசை இல்லாமல் இருபது பேர் இருக்கினம். ஆசையோடை ஒராள் இருந்தால் உங்களுக்கு என்ன?” என்று ஜெசிதா கேட்டாளாம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும்.

ஊருக்கு இது இன்னொரு தீனி. பட்டதெல்லாம் போதாதோ, இனி அவர்களுடைய பாஷையையும் தலையில் தூக்கி வைக்கப்போறாளோ என்று சிலர் கேட்டார்கள். நானும் கேட்டேன், வேறு மாதிரி. “நீ படிச்சு முடிக்க அந்தப் பொலிஸ்காரர் பென்சனிலை போயிடுவார்” என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. “அவர் போகட்டும். தாள் இருக்குமெல்லோ” என்றாள்.

அவள் படித்த விதம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. இந்த நாட்டில் பஸ் போர்ட்டிலும் பிஸ்கட் பக்கற்றிலும் கிருமிநாசினிப் போத்தலிலும் ஒரே விஷயம் மூன்று மொழியில் இருக்கும். நாங்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்த வரியை வாசித்துவிட்டுப் போகிறோம். இவள் தமிழை வாசித்துவிட்டு, மேலே இருக்கும் சிங்களத்தில் எந்த எழுத்து எதற்கென்று பொருத்திப் பார்த்தாள். மருந்தடிக்கிற போத்தலைக் கழுவி வெட்டி லேபிளை உரித்துக் கொப்பியில் ஒட்டினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாக எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எனக்கு மானம் போகும்.

அப்படி வாசிக்கப்போய் ஒரு கந்தோர் மதிலில் பிழை பிடித்தாள். குப்பை போடவேண்டாம் என்று சிங்களத்தில் சரியாக இருந்தது, அதே ‘எப்பா’வோடு. கீழே தமிழில் ‘இங்கே குப்பை போடவும்’ என்று பெயின்ற் அடித்திருந்தார்கள். வருடக்கணக்காக அந்த மதிலைத் தாண்டிப் போனவள் நான், கவனித்ததே இல்லை. இவள் உள்ளே போய், “நான் நாளைக்கு லான்ட்மாஸ்ரர் பெட்டி நிறையக் குப்பை கொண்டுவாறன். நீங்கள்தானே கேட்டிருக்கிறியள்” என்றாள். அடுத்த கிழமை போர்ட் மாறியது.

முதல் வருடம் எழுத்து. இரண்டாம் வருடம் கதை. தம்புள்ளை லொறிக்காரர்களைப் பிடித்துவைத்துக் கதைத்தாள். அவர்களும் இவளைப் பகிடி பண்ணிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. சிங்களத்தில் ஆம் என்பதற்கு ‘ஒவ்’. எவ்வளவு திருத்தியும் இவள் வாயில் ‘ஓம்’தான் வரும். ஜெசிதா களைத்துப்போய்க் கேட்டாள்: “அன்ரி, இந்த ஒரு சொல்லை மட்டும் மாத்த ஏலாதோ?” இவள் சொன்னாள்: “ஏலும் ரீச்சர். மாத்தமாட்டன்.”

மூன்றாம் வருடம் முழுக்கக் கையெழுத்து. அச்செழுத்தைத் தண்ணிபட்ட பாடாக வாசிப்பவள், அந்த ஒரு தாளுக்கு முன்னால் திண்டாடினாள். அந்தச் சார்ஜன்றின் எழுத்து அப்படி. ஒரு வரியைப் பிரித்தெடுக்க ஒரு கிழமை போகும். ஜெசிதா உதவ வந்தாலும் ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுத் தாளை மடித்துவிடுவாள். கடைசி வரியை வாசித்து முடித்த அன்று வேலியால் எட்டி எனக்குத் தமிழில் சொன்னாள்: ‘முறைப்பாட்டாளர் தனக்கு வழக்கு வேண்டாம் என்று தன் விருப்பத்துடன் கூறினார்.’

“தன் விருப்பத்துடனாம், அக்கா” என்றாள். “நாளைக்கு வெளிக்கிடுங்கோ. இந்தமுறை கலியாணவீடு ஒண்டும் இல்லையெல்லோ?”

இந்தமுறை போனேன். பழைய சார்ஜன்ற் மாறிப் போய்விட்டார். புதியவர் பழைய கோவையைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கதைத்தார். அங்கே நடந்ததைச் சிவகௌரி பிறகு எனக்கு வரி வரியாகச் சொன்னாள். ஐந்து வருடமாகிவிட்டது, இனி வழக்கு எழும்பாது, ஏன் அம்மா அலைகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“வழக்கு எழும்பாட்டில் பரவாயில்லை. நான் சொல்லாத ஒன்று என் பெயரில் இருக்கிறது. அது பிழை என்று எழுதி அதே கோவையில் வையுங்கள்” என்று இவள் சிங்களத்தில் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சரி, தொல்லை விட்டால் போதும் என்பதுபோல எழுதத் தொடங்கினார். இவள் மேசைக்கு இந்தப் பக்கம். சந்தையில் வியாபாரி எழுதுகிற பில்லை எதிரே நின்றே வாசித்துப் பழகியவளுக்கு, தலைகீழாகக் கிடந்த எழுத்து ஒரு பிரச்சினையே இல்லை. நாலாவது வரியில் அவர் பேனை நகர்ந்துகொண்டிருக்கும்போதே விரலை நீட்டி அந்த இடத்தில் வைத்தாள்.

“எப்பா” என்றாள்.

அந்தச் சொல் எனக்கே விளங்கியது. ‘முறைப்பாட்டாளருக்கு முன்பு சொன்னது மறந்துவிட்டது’ என்று எழுதியிருந்தாராம்.

“எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. இதை வெட்டுங்கள். இல்லை, முழுவதையும் வெட்டுங்கள். என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதித் தரவேண்டுமென்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.”

தமிழ்க் கொன்ஸ்டபிள் வெளியே போயிருந்தார். வர நேரமாகும் என்றார்கள். வாங்கில் இருந்தோம். ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று. எனக்குப் பசியில் தலை சுற்றியது. போவோமா என்று கேட்டேன். “நீங்கள் போங்கோ அக்கா, நான் மூண்டு வருசம் இருந்தனான், மூண்டு மணித்தியாலம் என்ன” என்றாள். அதற்குப் பிறகு நான் எப்படிப் போவது?

கொன்ஸ்டபிள் வந்து தமிழில் எழுதினார். அதிலும் ‘வழக்கு’ என்பதை ‘வளக்கு’ என்று எழுத, “தம்பி, ழானா” என்று திருத்துவித்தாள். மேலிருந்து கீழாக இரண்டுதரம் வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

எழும்பும்போது புதிய சார்ஜன்ற் கேட்டது சிங்களத்தில்தான். குரலில் கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: “இவ்வளவு நன்றாகச் சிங்களம் கதைக்கிறீர்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்திலேயே தந்திருக்கலாமே, ஏன் தமிழில்தான் வேண்டுமென்று நின்றீர்கள்?”

“நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் படித்தேன். உங்களுடைய வேலையை இலேசாக்க இல்லை” என்றாள் சிவகௌரி. “நீங்கள் இந்தப் பக்கம் வந்து எத்தனை வருடம்?”

“ஆறு.”

“எனக்கு மூன்றுதான் எடுத்தது.”

கொன்ஸ்டபிள் கொப்பியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது நமசிவாயம் முற்றத்தில் கதிரையில் இருந்தார், ஊன்றுகோல் பக்கத்தில். புதிய வாக்குமூலத்தின் பிரதியை அவருடைய மடியில் போட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாய்க்குள் வாசித்தார். வாசித்துவிட்டு, “நான் உன்னை அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது” என்றார்.

“கேட்டது கேட்டதுதான். இப்ப பதிலை வாசியுங்கோ. வாய்க்குள்ளை இல்லை, சத்தமா.”

அவர் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் யாரோ கிணற்றடியில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “வழக்கு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.”

“அங்காலை நிக்கிற ஆக்களுக்கும் கேக்கோணும்” என்றாள் சிவகௌரி. “இன்னொருக்கா.”