நடுத்தட்டு மருந்து

நாலு ரவிக்கைக்கு ஒருமுறை தையல் மெஷினை நிறுத்திவிட்டு சாய்ரா எழுந்துபோவாள். ஃபிரிட்ஜைத் திறந்து நடுத்தட்டில் கிடக்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பாள். முள் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால்தான் மறுபடி மெஷின் ஓடும்.

புவனகிரியில் இருக்கும் என் தங்கை ருக்கையாவின் மருமகள் இவள். இவள் மகள் சனாவுக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை. எங்கள் கிளையில் என் அத்தாவுக்கு வந்தது, சின்னத்தாவுக்கு வந்தது. பிள்ளைக்கு வந்தது இதுதான் முதல். தினம் நாலு இன்சுலின் ஊசி. "அந்த பாட்டில்தான் மாமா அவ உசுரு" என்பாள்.

கரண்ட் போனால் மருந்து ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் போய்விடும். சூட்டுக்கு அவ்வளவு பயந்தவள், குளிரை நம்பிவிட்டாள்.

போன பக்ரீத்துக்கு நாலு வீட்டுக் குர்பானிக் கறி இவள் ஃபிரிட்ஜுக்கு வந்தது. கறி கெட்டுவிடும் என்று ருக்கையா குளிர்த் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மருந்து உறைந்தது. மறுநாள் காலை, விருந்தாளி அமளியில் சாய்ரா ஃபிரிட்ஜ் பக்கமே போகாத நேரத்தில் கரண்ட் போய், முன்னால் இருந்த பாட்டில் கரைந்தும்விட்டது. மதியம் சாய்ரா அதைப் பிரித்து ஊசி போட்டாள். சாயங்காலம் சர்க்கரை நானூறு. பிள்ளை வாந்தி எடுத்து மூச்சு வாங்கினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னால் இருந்த பாட்டிலில் இன்னும் ஐஸ்.

"கரைஞ்சது நல்லாத்தானம்மா இருக்கு, தண்ணி மாரி பளிச்சுனு" என்றாள் ருக்கையா.

"பாக்க பளிச்சுனுதான் மாமி இருக்கும். உறைஞ்சதுல உள்ள செத்துப்போச்சு."

பெருநாளுக்கு வந்திருந்த நானும் சேர்ந்து ஆட்டோவில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வெள்ளாற்றுப் பாலம் நெடுக மகளின் மூக்கடியில் விரலை வைத்தபடியே வந்தாள் சாய்ரா. முன்னால் இருந்த நான் திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ருக்கையா ஃபிரிட்ஜிலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுக்கக்கூட மருமகளைத்தான் கூப்பிடுகிறாள்.

இந்தப் பக்ரீத்துக்கும் பக்கத்து வீட்டு உபைதுல்லா கறிப்பையோடு வந்து நின்றார். "வைக்கலாமா தங்கச்சி? இல்ல, ஃபிரிட்ஜுக்குப் போலீஸ் காவல் போட்டிருக்கியா?"

"தாராளமா வைங்கண்ணே."

சிரித்தபடிதான் சொன்னாள். அவர் குனிந்ததும் அவள் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. சாவிகளுக்கு நடுவே, ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கி ஓட்டை போட்டுக் கோத்த அந்த வெள்ளைத் திருகு. கதவு சாத்தும்வரை அதை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தாள்.