தலை சாயக்கூடாத மோட்டார்

உலகப் போர் முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். வெள்ளைக்காரர் போகப் போகிறார்கள் என்று கொழும்பில் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள், போனதாகத்தான் காணோம். நான் அப்போது கோட்டையில் அரசாங்க உத்தியோகம். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்டிய ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன்.

கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு முஸ்லிம். நாற்பது வயது தாண்டியவர். காலி வீதியில் சைக்கிளும் விளக்கும் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். படைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது ஊரில் எல்லோரும் கம்பளியும் தகரமும் எடுத்து வந்தார்கள். நானா மட்டும் காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்றையும், அதன் பின்பக்கத்தில் பூட்டும் சின்ன மோட்டார் ஒன்றையும் எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெஹிவளைக் கால்வாயில் அதை ஓட்டிவிட்டு வந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கட்டில் தலைமாட்டில் சாக்கு விரித்து நிறுத்தி வைப்பார். "என்னைய ஒரு நாள் இப்பிடித் தொடச்சி உட்டாரா கேளுங்க" என்று அவர் மனைவி என்னிடம் முறைப்பாடு சொல்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த வருடம் மழை விடாமல் கொட்டிக் களனி ஆறு பெருகியது. என் அக்கா ஹெந்தளையில் பழைய கால்வாய் ஓரமாகக் குடியிருந்தாள். அத்தான் வேலை விஷயமாக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். அக்காவும் நாலு வயது மகளும் மட்டும்தான் வீட்டில். ஒரு நாள் காலையில், வத்தளையில் இருந்து தப்பி வந்த, என்னோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் என் அறைக்கதவைத் தட்டினார்.

"உம்மடை அக்கா வீடு பள்ளத்திலை மூழ்கிட்டுதாம். அவ பக்கத்து வீட்டுக் கூரையிலை பிள்ளையோடை இருக்கிறாவாம். மண்சுவர் வீடு. எவ்வளவு நேரம் நிக்குமெண்டு சொல்லேலாது" என்றார்.

நேரே கீழே இறங்கி நானாவிடம் போய் நின்றேன். கேட்டு முடிக்கவில்லை, அவர் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மழை தொடங்கியதும் மடித்துவைத்த படகு கொட்டாஞ்சேனையில் அவருடைய மச்சானின் பண்டகசாலையில் கிடந்தது. மோட்டாரை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதானே, தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நான் நினைத்தேன்.

ஓட விட்டால்தானே. முதலில் தாங்கியில் மிஞ்சியிருந்த பெற்றோலை ஒரு தகரத்தில் சொட்டுச் சொட்டாக வடித்தார். பிறகு மூடியை இறுக்கினார். பிறகு கட்டில் விரிப்பொன்றை எடுத்து, காற்றாடியில் தொடங்கித் தலைவரைக்கும், பிறந்த பிள்ளைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்றினார். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் மோட்டாரின் வாலைப் பிடித்துத் தோளில் சாய்க்கப் போனேன்.

"மெல்ல தம்பி. தலைய நிமித்திப் புடிங்க" என்றார். "வாலுக்குள்ள தண்ணி நிண்டீக்கும். சரிச்சா அது தலைக்குள்ள எறங்கிரும். பொறகு அது மெசினில்ல, இரும்பு."

அதனால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அதை நிமிர்த்தியபடியே காலி வீதிக்கு வந்தோம். ரிக்‌ஷா ஒன்று வந்தது. குலுங்கும் என்று வேண்டாம் என்றுவிட்டார். முதல் பஸ்ஸில் சனம் நிறைய. இடிபடும் என்று அதையும் விட்டார். என் அக்கா கூரையில் இருக்கிறாள், இந்த மனிதர் மாப்பிள்ளை ஊர்வலம் கொண்டுபோகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதவி கேட்டு வந்தவன் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வந்து மூக்கைச் சுளித்தார்.

"மேக்க மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று.

"மஹன மெசிம" என்றார் நானா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். தையல் மெசினாம். மனைவியுடையதாம். துருவேறிவிட்டதால் பெற்றோலில் கழுவினாராம். முன் இருக்கையில் இருந்த சிங்களப் பெண் ஒருவர் திரும்பி, தையல் மெசினைப் பெற்றோலில் கழுவக்கூடாது, தேங்காயெண்ணெயும் போடக்கூடாது என்று புறக்கோட்டை வரும்வரை புத்தி சொன்னார். நானா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் மோட்டார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தரிப்பிலும் ஏறுகிறவர்களை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் படகுக்குக் காற்றடித்தோம். காற்றடித்த பிறகு நானா ஈரத் துணியால் ஒட்டுப் போட்ட ஒவ்வோர் இடத்தையும் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். மோட்டார் பூட்டும் பலகையை ஆட்டிப் பார்த்தார். பெற்றோலில் எண்ணெய் கலந்து குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நானா, அங்கை சுவர் விழப்போகுது. இதெல்லாம் இப்ப வேணுமே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத குரலாக இருந்தது.

"நடுத்தண்ணியில நிண்டா எனத்தச் செய்ற?" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. மச்சானின் லொறியில் எல்லாவற்றையும் ஏற்றி, களனிப் பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் பாதை முடிந்தது. அதற்குமேல் தண்ணீர்தான். வீதியோர மதகுக் கட்டின் மேல் நின்று படகை இறக்கினோம். நானா மோட்டாரைப் பலகையில் வைத்து இரண்டு திருகையும் முறுக்கினார். தவறி விழுந்தாலும் போய்விடாதபடி அதன் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, மற்றத் தலைப்பைப் படகின் வளையத்தில் முடிந்தார். தலையில் கயிறு சுற்றி ஒரே இழுவை. மோட்டார் பிடித்துக்கொண்டது.

வெள்ளம் எங்களைக் கடற்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. துடுப்பு மட்டும் இருந்திருந்தால் அந்த இழுவையைக் குறுக்கே வெட்டிப் போயிருக்க மாட்டோம். நான் முன்னால் குந்தியிருந்து, மிதந்து வரும் ஓலையையும் மரத்தையும் மூங்கிலால் தள்ளிவிட்டேன். வேலிக்கம்பி தெரிகிற இடமெல்லாம் நானா மோட்டாரின் வாலை மட்டும் மேலே தூக்கி, கடந்ததும் திரும்ப இறக்கினார். ஓர் இடத்தில்கூட அது நிற்கவில்லை.

கூரையில் அக்காவைக் கண்டதும் நான் அழுதேவிட்டேன். மகளை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். பக்கத்தில் அந்த வீட்டுக்காரச் சிங்களத் தம்பதி. கணவர் தென்னந்தும்பு ஆலையில் வேலை செய்கிற பெரிய உடம்புக்காரர். முதல் நாள் கதவு முறிந்து விழுந்ததில் அவர் கால் வீங்கிப்போயிருந்தது.

படகைக் கூரை விளிம்போடு ஒட்டிப் பிடித்து, பிள்ளையை முதலில் வாங்கினோம். பிறகு அக்கா. பிறகு அந்தப் பெண். அதற்குள்ளேயே படகின் பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அக்கா கட்டிக்கொண்டு வந்த மூட்டையைத் தூக்கி எறிந்தேன். போதவில்லை. வீட்டுக்காரர் கூரையில் இருந்தபடி கையைக் காட்டினார்.

"மாத்தயலா யன்ன. மம இன்னங்" என்றார். நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன் என்று.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வீட்டின் பின்சுவர் தண்ணீருக்குள் சரிந்து விழுந்தது. ஓடுகள் சறுக்கிக்கொண்டு போயின. அவர் மனைவி எழுந்து நிற்கப் பார்க்க, படகு ஆடியது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ராத்திரி முழுக்க அவர்தான் பிள்ளையைத் தோளிலை வச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை நிண்டவர். அவரை விட்டிட்டு நான் வரமாட்டன்" என்றாள்.

"நான் இறங்குறன் நானா, அவரை ஏத்துங்கோ" என்றேன்.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப குந்துங்க" என்றார்.

சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினார். திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். என்ன செய்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "கூரையிலை வைப்பம் நானா" என்றேன்.

"கூரையே ஈக்காது தம்பி. கத்தி ஈக்கா?"

என்னிடம் கத்தி இல்லை. அந்த வீட்டுக்காரர்தான் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நானா கழுத்துக் கயிற்றை அறுத்தார். சூடு ஆறாத மோட்டாரை இரண்டு கையாலும் தூக்கினார். அதை வெளியே எறியவில்லை. அந்த நேரத்திலும் தலையை நிமிர்த்திப் பிடித்து, குளத்தில் பிள்ளையை இறக்குவது போலத் தண்ணீருக்குள் இறக்கி, கையை எடுத்தார். பெற்றோல் தகரமும் பின்னால் போயிற்று. படகின் பின்பக்கம் எழும்பியது.

"பஹின்ன அய்யே" என்று கையை நீட்டினார், இறங்குங்கள் அண்ணா என்று.

வீட்டுக்காரர் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் படுத்துக்கொண்டார். இனி எதிர்த்துப் போக வேண்டியதில்லை. வெள்ளம் போகிற பக்கம் போனால் கடலோர மேட்டில் ஒரு தேவாலயம் இருந்தது. நான் மூங்கிலால் ஊன்ற, நானா ஒரு பலகைத் துண்டால் வலிக்க, தள்ளாடித் தள்ளாடிப் பொழுது படுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தோம். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கூரை இருந்த இடத்தில் ஒரு தென்னைதான் தெரிந்தது.

தேவாலய வாசலில் யாரோ எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார்கள். நான் நானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எண்ணெய் பிடித்த விரல்களைக் கட்டில் விரிப்பில் துடைத்துக்கொண்டே, "இனி எண்ட பொஞ்சாதிக்கு நல்ல சந்தோசம்" என்றார். காலையில் இருந்து மனதுக்குள் வைதுகொண்டிருந்த அந்த மனிதரிடம் என் தேத்தண்ணீரையும் நீட்டினேன்.

வெள்ளம் வடிந்ததும் நானாவும் நானும் போய்ச் சேற்றில் குத்திக் குத்தித் தேடினோம். அகப்படவில்லை. நானா வீட்டுக்கு வந்து முணுமுணுக்கத் தொடங்கினார். அப்படி ஒரு மெசின் இனிக் கிடைக்காது, ஒரே இழுவையில் பிடிக்கும், என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மகான் மாதிரி இருந்துவிடவில்லை அவர். எனக்கு அது ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

அக்கா திரும்பி வந்து வீட்டைக் கழுவிக் குடியேறினாள். சில கிழமை கழித்து அவளைப் பார்க்கப் போனபோது, "பக்கத்து வீட்டு மனுசன் பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கிறார்" என்றாள். புதிதாகப் போட்ட குடிசைக்குக் கூரை வேய்ந்து முடிக்கவில்லை, ஆலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. விடிந்தால் மூங்கிலை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கால்வாய்க்குள் இறங்கிவிடுகிறாராம். அந்த மோட்டாரை எடுத்துக் கொடுக்காமல் ஓய மாட்டேன் என்கிறாராம். கால் புண் சேற்றில் ஊறிப் பழுத்துவிட்டது என்று அவர் மனைவி அழுகிறாளாம்.

நான் இதை நானாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பியும் வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, ஹெந்தளைக்குப் போய்ட்டு வருவம்" என்றார்.

நாங்கள் போனபோது அந்த மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். நானாவைக் கண்டதும் கரையேறி வந்தார். மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏக்க ஹம்ப வுணா, அய்யே. தென் ஹொயன்ன எப்பா" என்றார் நானா. அது கிடைத்துவிட்டது, இனித் தேட வேண்டாம் என்று. தும்பு ஏற்றுகிற வள்ளக்காரன் ஒருவன் கீழ்ப்பக்கம் கண்டெடுத்தானாம். தன் பெயரைக் கேள்விப்பட்டுக் கொண்டுவந்து தந்தானாம். கழற்றிக் கழுவிப் பூட்டியதும் பழையபடி ஓடுகிறதாம். நேற்றும் தெஹிவளையில் ஓட்டினாராம். எந்த இடத்தில் உள்ளே மண் போயிருந்தது, எதை மாற்றினார் என்றுகூட விவரமாகச் சொன்னார்.

அந்த மனிதரின் முகத்தை என்னால் மறக்க முடியாது. நானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் மனைவி உள்ளே ஓடிப்போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். அன்று அவர்களுடைய குடிசைக்குக் கிடுகு வேய நாங்களும் கொஞ்ச நேரம் கைகொடுத்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நானா யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மனது கேட்கவில்லை.

"ஏன் நானா அப்பிடி இல்லாததைச் சொன்னனீங்கள்? அவர் தேடுற தேடலுக்கு ஒரு நாள் எடுத்திருப்பார்" என்றேன்.

"எடுத்திருப்பாரு" என்றார். பிறகு, "அது கெடைக்கிற வரைக்கும் அந்த மனிசன் தண்ணிக்குள்ளதானே தம்பி நிப்பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த மோட்டாரைப் பற்றி யாரிடமும் முணுமுணுத்து நான் கேட்கவில்லை. ஹெந்தளைக்குக் கதை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. என் வாழ்க்கையில் நானும் பலருக்கு என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன்; ஆனால் செய்த உதவி பெற்றவர் தலையில் பாரமாக உட்கார்ந்துவிடாமல் அதையும் இறக்கிவைத்துவிட்டு வருகிற அந்தப் பக்குவம், எத்தனை தரம் முயன்றும், இன்றுவரை எனக்குப் பாதியளவுகூட வாய்க்கவில்லை.